கையெழுத்துக்கு முன்

அன்புள்ள அக்கா,

நேற்று வேலை முடிந்து லோரன்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன். குளிர் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த கரீபியன் கடைக்குள் நுழைந்தேன். அங்கே ஒரு பெண் சூடான சோளக் கஞ்சியின் மேல் சாதிக்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் ஒரு நிமிடம் உங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டின் சமையலறை வாசலில் நிற்பதாகவே நினைத்துவிட்டேன். நீங்கள் தேநீருக்குள்ளும் அதைத் துருவிப் போடுவீர்கள். முதல் நாள் எனக்கு அது மருந்துபோல இருந்தது. "குடியும், பழகிப்போயிடும். அந்தத் தீவில நான் முதல் பழகினது இதைத்தான். சட்டமெல்லாம் பிறகுதான்" என்றீர்கள். இரண்டு பஸ்களை விட்டுவிட்டு அந்தக் கடையிலேயே நின்றேன்.

நீங்கள் போய் மூன்று மாதங்கள் ஆகின்றன. இறுதிச் சடங்கில் பேசச் சொல்லி உங்கள் மகள் கேட்டாள். நான் மறுத்துவிட்டேன். பேசியவர்கள் உங்களை இனத்தின் பெருமை என்றார்கள், ஒரு தீவையே ஆண்ட தமிழச்சி என்றார்கள். நீங்கள் கேட்டிருந்தால், "ஆண்டதில்லை, நாலரை வருசம் கோப்புப் பாத்தனான்" என்று திருத்தியிருப்பீர்கள். மேடையில் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகளும் நானும் ஒரே காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறோம். போருக்கு முந்திய இலையுதிர் காலம் என்று எழுத வருகிறது. பிழை. ஊரில் போர் முப்பது வருடமாக இருந்தது. அதன் கடைசி ஆண்டுக்கு முந்திய இலையுதிர் காலம். மதிய உணவின்போது அவள் கேட்டாள்: "அம்மா சும்மா இருக்கிறா. ஸ்ரௌவ்வில்லில எங்கட வீட்டில வந்து இருங்கோ எண்டாலும் வாறா இல்லை, பஸ் ஓடாத இடத்தில இருக்கமாட்டாவாம். அவவின்ர கதையை ஆராவது எழுதினா நல்லம். என்ர தமிழ் காணாது. நீங்கள் கம்பஸ் வரைக்கும் படிச்சனீங்கள்தானே?"

மற்றவர்கள் சொல்லும் இழப்பு உண்மையானதா என்று சரிபார்ப்பது என் தொழில். முன்னாள் முதலமைச்சர் என்று ஒருவர் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறார் என்றால் அப்படியே நம்பிவிட முடியுமா? இணையத்தில் தேடினேன். பிரித்தானிய முடியின் கீழ் இருந்த, வரைபடத்தில் பேனாப் புள்ளி அளவான ஒரு கரீபியன் தீவு. உங்கள் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கூரை பறந்துபோன ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால், மழைச் சட்டையோடு, கையில் ஒரு கத்தைத் தாளோடு நிற்கிறீர்கள். நீங்கள் படம் எடுப்பவரைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்க்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமையே என் சந்தேகத்தை வேறு விதமாகக் காட்டினேன். "உங்கட தீவின்ர முழுச் சனத்தையும் விட எங்கட பிளாசாவில சனிக்கிழமை சாமான் வாங்க நிக்கிற சனம் கூடவா இருக்கும்போல" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஓம், இருக்கும். ஆனா பிளாசாவுக்குப் புயல் அடிச்சா ஆர் பொறுப்பு எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அப்படித்தான் தொடங்கினோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணி. நீங்கள் சொல்ல நான் எழுதுவேன். நான் நம்பாத இடத்தில் பேனாவை வைத்துவிடுவேன். நீங்கள் கோபிக்காமல் பத்திரிகைத் துண்டையோ பழைய கடிதத்தையோ எடுத்துக் காட்டுவீர்கள். பெரும்பாலும் காட்டினீர்கள். சில இடங்களில், "இதுக்கு ஆதாரம் இல்லை. அப்ப விடும்" என்றீர்கள். உங்களை நான் நம்பத் தொடங்கியது அப்படி விட்ட இடங்களால்தான்.

இருபத்தெட்டு வயதில் நீங்கள் வன்னியில் உதவி அரசாங்க அதிபர், ஒரு பிரிவின் நிர்வாக அதிகாரி. குளம் ஒன்றின் கீழ் புதிய காணிகள் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. காணிக் கச்சேரி என்று அதற்குப் பெயர்: மரத்தடியில் மேசை போட்டு, விண்ணப்பித்தவர்களை ஊர் முன்னிலையில் ஒவ்வொருவராக விசாரித்து, தகுதியானவர்களின் பெயர்களை அங்கேயே வாசிப்பது. மூன்று நாள் இருந்து அந்தப் பட்டியலைச் செய்தீர்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு மேலிருந்து வேறொரு பட்டியல் வந்தது. அதே குளம், அதே காணி. பெயர்கள் மட்டும் வேறு. கையெழுத்துத்தான் மிச்சம். நீங்கள் கோப்பில் மூன்று வரி எழுதினீர்கள்: இந்தப் பெயர்களுக்குரியவர்கள் என் முன் தோன்றவில்லை, நான் இவர்களை விசாரிக்கவில்லை, ஆகவே கையெழுத்திட முடியாது.

"துணிவா இருந்துதோ?" என்று கேட்டேன்.

"துணிவோ? பயந்து பயந்துதான் எழுதினனான். ஆனா எழுத்து வடிவாத்தான் வந்தது."

உங்களைக் கொழும்பில் வேலையே இல்லாத ஒரு மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசையில் இருந்துகொண்டுதான் சட்டம் படித்தீர்கள். பிறகு வேலையை விட்டு வவுனியா நீதிமன்றத்தில் வழக்குப் பேசினீர்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, பொறியியலாளரான உங்கள் கணவருக்கு அந்தத் தீவில் துறைமுக வேலை கிடைத்தது. அங்கே போய், சட்டமூலங்களை எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் ஆகக் கீழ் நாற்காலியில் மறுபடி தொடங்கினீர்கள். பத்து வருடம் கழித்து அதையும் விட்டுவிட்டு, ஒரு விடுதிக்காரர் கடற்கரையை அடைக்க வந்தபோது மீனவர்களுக்காக வழக்காடி வென்றீர்கள். அந்த மீனவர்கள்தான் உங்களைத் தேர்தலுக்கு இழுத்தார்கள். உங்கள் பெயரை அவர்களால் உச்சரிக்க முடியவில்லையாம். "மிஸ் லோயர்" என்றுதான் சுவர்களில் எழுதினார்களாம். அந்த மிஸ் லோயர்தான் பிறகு முதலமைச்சர்.

தை மாதம் வந்தது. எழுதுவது நின்றது.

என் தம்பி வன்னியில் இருந்தான். மனைவி, ஒரு மகள், ஒரு மகன். மாசியில் அவனிடமிருந்து கடைசித் தொலைபேசி. நாற்பது நொடி இருக்கும். "நாங்கள் திரும்பவும் இடம் மாறுறம் அக்கா" என்றான். பிறகு சத்தம் இல்லை. நகரின் நடுவில், யூனிவர்சிட்டி அவெனியூவில், போரை நிறுத்தக் கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். நானும் போய் நின்றேன். கோஷம் போட எனக்கு வராது. உங்களை மேடையில் பேசக் கேட்டு வந்தவர்களை நீங்கள் திருப்பி அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது அதைச் சொல்லவில்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. மிஞ்சியவர்களை முள்ளுக்கம்பி முகாம்களுக்குள் அடைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. யார் உயிரோடு, யார் எந்த முகாமில் என்று தெரியாது. ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கூடி, தேடப்படும் உறவினர்களின் பெயர்களைச் சேர்த்தோம். படித்தவள் என்று பொறுப்பை என்னிடம் தந்தார்கள். பத்து நாளில் நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள். அழகாகத் தட்டச்சு செய்து உங்களிடம் கொண்டுவந்தேன். முன்னாள் முதலமைச்சர் என்ற கையெழுத்தோடு போனால் நிவாரண நிறுவனங்கள் திறந்து பார்க்கும். அதுதான் எண்ணம்.

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை விரலால் தடவி வாசித்தீர்கள். பிறகு நடுவில் ஒரு பக்கம். பிறகு கடைசி. தாள்களை மேசையில் வைத்தீர்கள்.

"பிள்ளை, இந்த லிஸ்ட்டில ஒருத்தரும் இல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"ராசன், மல்லாவி. பேபி அன்ரி, புதுக்குடியிருப்பு. குஞ்சு மாமாவும் மூண்டு பிள்ளையளும். உவை ஆர்? முகாமில பதியேக்க குஞ்சு எண்டு பதியிறவையோ? அங்க நூறு ராசன் இருப்பினம், ஒருத்தனும் ராசன் எண்டு இடாப்பில இருக்கமாட்டான்."

நான் விடவில்லை. அது மற்றவர்கள் தந்த தகவல், நான் என்ன செய்ய என்றேன். நீங்கள் பக்கங்களைத் திருப்பி என் தம்பியின் குடும்பத்தைக் கண்டுபிடித்தீர்கள். அதில் நான் எழுதியிருந்தது: குட்டி, மனைவி வவா, பிள்ளைகள் இருவர்.

"உம்மட தம்பியின்ர பதிவுப் பேர்?"

சொன்னேன்.

"மனைவியின்ர?"

அக்கா, அந்த நேரத்தை நான் மறக்கப்போவதில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் என் மச்சாள். கலியாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. தொலைபேசியில் வவா, கடிதத்தில் வவா. அவளுக்கு வேறொரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பிள்ளைகள் சின்னவளும் அப்புவும்தான். இழப்புக் கோரும் ஒவ்வொருவரிடமும் முழுப் பெயர் கேட்டுச் சம்பளம் வாங்கும் எனக்கு, சொந்தத் தம்பியின் பிள்ளைகளின் பெயர் தெரியவில்லை.

வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வரும். "ஒரு தீவையே நடத்தினீங்கள். ஒரு கையெழுத்துப் போட ஏலாதோ?" என்று கத்தினேன். உங்கள் வீட்டில் என் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் எழுந்து தேநீர் போட்டீர்கள். பிறகு, நான் கேட்காத ஒரு கதையைச் சொன்னீர்கள். நீங்கள் பதவிக்கு வந்த இரண்டாம் வருடம் தீவைப் பெரும் புயல் ஒன்று அடித்தது. வீடுகளின் கூரைகள் போயின. கூரைத் தகடு தர ஒரு நிறுவனம் வந்தது. உங்கள் கட்சிக்காரர்கள் அவசர அவசரமாக ஒரு பட்டியல் தந்தார்கள். சனம் மழைக்குள் நின்றது, நேரம் இல்லை. வாசிக்காமல் கையெழுத்திட்டீர்கள். "அதில செத்தவையின்ர பேரும் இருந்தது. வீடு இல்லாதவையின்ர பேரும் இருந்தது. அந்த நிறுவனம் கப்பலைத் திருப்பிப்போட்டுது. ஆறு கிழமை, பிள்ளை. ஆறு கிழமை சனம் தார்ப்பாய்க்குக் கீழ இருந்தது, என்ர கையெழுத்தால." பிறகு நீங்களே கிராமம் கிராமமாகப் போய், காணிக் கச்சேரி போல மேசை போட்டு, ஊர் முன்னால் பெயர்களை வாசித்துப் புதிய பட்டியல் செய்தீர்கள். இணையத்தில் நான் பார்த்த படம் அந்த நாட்களில் எடுத்தது. பட்டியலில் கட்சிக்காரர்களின் மச்சான்மார் பின்னுக்குப் போனார்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் உங்களோடு இல்லை. தோற்றீர்கள்.

"பிழையான லிஸ்ட்டோட ஒருக்காப் போனா, பிறகு சரியானதோட போனாலும் திறந்து பாக்கமாட்டினம். எனக்குக் கையெழுத்துப் போட விருப்பம். அதுக்கு முதல் ஆக்கள் வேணும்."

அடுத்த மூன்று கிழமையும் வார இறுதி நாட்களில் நீங்கள் மண்டபத்தில் இருந்தீர்கள். நான் ஒரு படிவம் தயாரித்தேன். நீங்கள் அதை மூன்று தடவை வெட்டித் திருத்தினீர்கள். பதிவுப் பெயர், தகப்பனின் பெயர், பிறந்த இடம், கிராம சேவகர் பிரிவு, கடைசியாகப் படித்த பள்ளிக்கூடம், உடம்பில் அடையாளம். முப்பது வருடத்துக்கு முன் ஜீப்பில் சுற்றிய ஊர்கள் உங்களுக்கு மறக்கவில்லை. "அந்தக் குளத்துக்குக் கிழக்காலயோ மேற்காலயோ? மேற்கு எண்டா அது வேற பிரிவு" என்று நீங்கள் கேட்டபோது, அந்த ஊர்க்காரர்களே திகைத்தார்கள்.

எல்லோரும் பணிந்துபோகவில்லை. தொப்பி போட்ட ஒரு பெரியவர் மேசையில் தட்டினார். "என்ர தங்கச்சி பேபி எண்டா முழு முல்லைத்தீவுக்கும் தெரியும்!"

"தெரியும் ஐயா. ஆமிக்காரனுக்குத்தான் தெரியாது" என்றீர்கள். மண்டபம் சிரித்தது.

"அவனுக்கு ஏன் தெரிய வேணும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னது சரி. எல்லோர் மனதிலும் இருந்த பயம் அதுதான். முழுப் பெயரைக் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும்? தேடிக் கண்டுபிடிப்பது யார்? நீங்கள் எழுந்து நின்று மண்டபத்துக்கே சொன்னீர்கள்: "ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு அதுக்கு உறுதி தர ஏலாது. தெரிஞ்சதைச் சொல்லுறன், தெரியாததையும் சொல்லுறன். ஒவ்வொரு பேரும் அவரவர் முடிவு. குடுக்காட்டி நான் ஏன் எண்டு கேக்கமாட்டன்." பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தங்கையின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். படிவத்தில் எழுதியது நான்தான்.

மச்சாளின் பெயர் அந்த மண்டபத்தில்தான் கிடைத்தது. கிளிநொச்சிப் பக்கம் படித்த ஒரு பெண், "வவாவோ? அவள் யோகமலர். பள்ளிக்கூட இடாப்பில எனக்கு அடுத்த பேர்" என்றாள். பிள்ளைகளின் பெயர்கள் என் வீட்டிலேயே இருந்தன. தம்பியின் பழைய கடிதங்களில், 'மகளுக்கு ஆரணி என்று வைத்திருக்கிறோம்', இரண்டு வருடம் கழித்து, 'மகன் அகிலன்'. ஒரு தடவை வாசித்துவிட்டு மூடி வைத்திருக்கிறேன்.

என் படிவத்தை நிரப்பி உங்களிடம் தந்தேன். யோகமலர், ஆரணி, அகிலன். நீங்கள் வாசித்தீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். தம்பி வன்னியில் இருந்த இயக்க நிர்வாகத்தின் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தவன். துவக்குத் தூக்கியவன் அல்ல. ஆனால் அந்த நாட்களில் அந்த வித்தியாசத்தை யார் பார்த்தார்கள்? அவன் எங்காவது வேறு பெயரில் ஒளிந்திருந்தால், பெயரை எழுதிக் கொடுத்து நானே அவனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன் என்று நினைத்தேன். நீங்கள் சொன்னபடியே ஏன் என்று கேட்கவில்லை. மூன்று பெயர்களையும் பட்டியலில் ஏற்றினீர்கள்.

அன்று பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டீர்கள்.

ஆடி மாதம் பதில் வந்தது. தாயும் இரண்டு பிள்ளைகளும் செட்டிகுளம் பக்கத்து முகாமில், உயிரோடு. பட்டியலில் எழுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படிப் பதில் வந்தது. தம்பியைப் பற்றி ஒன்றும் இல்லை. நாங்கள் பெயர் கொடுத்துக் கேட்காத ஒருவனைப் பற்றி யார் சொல்வார்கள்?

அதற்குப் பிறகு நாங்கள் மறுபடி புத்தகத்துக்குத் திரும்பினோம். அதற்குள் உங்களுக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே, தேர்தலில் தோற்ற இரவைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். "வெண்ட கதை இருபது பக்கம் எழுதிப்போட்டீர். தோத்த கதைக்கு ஒரு பக்கமோ? கூட்டி எழுதும்." நான் கூட்டி எழுதினேன். வாசித்துக் காட்ட நாள் வரவில்லை.

போன கிழமை உங்கள் மகள் ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தாள். நம்முடைய கையெழுத்துப் பிரதியும், அந்தப் பட்டியலின் மூலமும் அதில் இருந்தன. பட்டியலை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. வெற்று வரி எங்கே வந்தாலும் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சின்னதாக ஒப்பம் வைத்திருக்கிறீர்கள். பிறகு வந்து எவரும் ஒரு பெயரைச் செருகாமல் இருக்கக் காணிக் கச்சேரியில் அப்படித்தான் செய்வார்களாம். உங்கள் கதையில் நானே அதை எழுதியிருக்கிறேன். பத்தொன்பது பக்கத்திலும் அப்படித்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு, யோகமலர். இருநூற்றுப் பதின்மூன்று, வெறுமை. இருநூற்றுப் பதினான்கு, ஆரணி. அந்த வெறுமைக்குக் கோடு இல்லை. இலக்கம் மட்டும் போட்டு, இடம் விட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் வாழ்நாளில் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். முகாமிலிருந்து விடுபட்டு, இப்போது வவுனியாவில் சித்தி வீட்டில் இருக்கிறாள். இத்தனை மாதமாகச் சொல்லாததைச் சொன்னேன்: தம்பியின் பெயரை நான் கொடுக்கவில்லை, பயந்துவிட்டேன்.



"நீங்கள் கனடாவில இருந்து பயந்தனீங்களோ மச்சாள்?" குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "நான் வரிசையில நிக்கேக்கயே அவரின்ர பேரைக் குடுத்தனான். எழுதினவன் ஆமிக்காரன்தான். பிறகு வந்த எல்லாரிட்டையும் குடுத்தனான். பேர், தகப்பன்ர பேர், எங்க வச்சு எங்களை விட்டுப் பிரிச்சவை, எந்த பஸ்ஸில ஏத்தினவை, எல்லாம். அவரை மறைச்சா, பிறகு ஆரைத் தா எண்டு கேக்கிறது?"

பஸ்ஸில் ஏற்றியது எனக்குத் தெரியாது. அவளிடம் நான் கேட்டதே இல்லை. கேட்டால் அவளுக்கு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று கேட்டேன். ஒரு மணி நேரம் அவள் சொன்னாள். நான் உங்கள் கதையை எழுதியதைப் போலவே எழுதினேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதினேன்.

பிறகு இருநூற்றுப் பதின்மூன்றாம் வரியை நிரப்பினேன். அருளானந்தம் தர்மகுலசிங்கம். தகப்பன் அருளானந்தம். பிறந்த இடம், பிரிவு, பள்ளிக்கூடம். இடது புருவத்தில் வெட்டுக்காயம். சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போய் மதகில் விழுந்தது. கடைசியாகக் கண்டவர், மனைவி. தகவல் தருபவர் என்ற இடத்தில் என் பதிவுப் பெயரும் முகவரியும். நீங்கள் பட்டியல் அனுப்பிய எல்லா இடங்களுக்கும் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினேன். உங்கள் கையெழுத்து இதில் இல்லை. இனி என்னுடையது போதும், போதாவிட்டாலும் அதுதான் இருக்கிறது.

உங்கள் புத்தகத்தை இந்தக் கோடைக்குள் முடிப்பேன். தோற்ற கதை இருபத்திரண்டு பக்கம். பெருமை பேசியவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். ஆதாரம் இல்லாத ஒரு வரியும் அதில் இருக்காது.

அலுவலகத்தில், உன் குடும்பம் எல்லாம் சுகமா என்று கேட்பவர்களுக்கு இதுவரை ஆம் என்று சொல்லிவந்தேன். இன்று காலை ஒருத்தி கேட்டாள். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், போன வைகாசியில் அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவன் பெயர் என்ன என்று கேட்டாள். அவளால் உச்சரிக்க முடியாது என்று தெரிந்தும், முழுப் பெயரையும் சொன்னேன்.